எதிர்ப்பக்கத்துச் சாமி

இலங்கையில் இரண்டு பாடசாலைகள் முதன்முதலாக றக்பியில் மோதியது 1906இல், கண்டியில். ஒரு பக்கம் கிங்ஸ்வூட், மறுபக்கம் திரினிட்டி. ஒன்று மெதடிஸ்த மிஷனுடையது, மற்றது அங்கிலிக்கன் மிஷனுடையது. இரண்டு இடத்திலும் காலையில் ஜெபம் சொல்லித்தான் பாடம் தொடங்கியிருக்கும். ஒரே கர்த்தர், ஒரே வேதாகமம், இரண்டு ஜெர்சி. ஆட்டம் 6-6 என்று சமனில் முடிந்தது. ஆண்டவர் அன்று சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

எழுவர் றக்பியில் அவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பாதிக்கு 7 நிமிடம், நடுவில் மூச்சு வாங்க 2 நிமிடம். விலக்கல் சுற்றில் சமனாக முடிந்தால் மேலதிக நேரம்; அதில் முதலில் புள்ளி எடுத்தவன் வென்றவன். இந்த ஆட்டம் பிறந்த அன்றே அதற்கொரு தகராறும் பிறந்துவிட்டது. ஸ்கொட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில் 1883 ஏப்ரலில் றக்பி கழகத்தின் கையில் காசில்லை. நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர், ஆளைக் குறைத்து அணிக்கு 7 பேர் என்று வைத்தால் ஒரே பிற்பகலில் பல ஆட்டம் நடத்திப் பணம் சேர்க்கலாம் என்றார். இறுதியாட்டத்தில் மெல்ரோசும் பக்கத்து ஊர் காலாவும் சமன். இன்னும் 15 நிமிடம் ஆடுவோம் என்று பேசி இறங்கினார்கள். 10 நிமிடத்தில் மெல்ரோஸ் எதிர்ப்பக்கத்துக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ஒரு ட்ரை எடுத்தது. வைத்த கையோடு, ஆட்டம் முடிந்தது என்று மைதானத்தை விட்டு நடந்தது. மிச்ச நேரம் எங்கே என்று காலாக்காரர் கத்தினார்கள். கிண்ணம் மெல்ரோசுக்குத்தான் போனது.

இதெல்லாம் எனக்குத் தெரியவேண்டிய விஷயமே அல்ல. நான் சைவநெறி ஆசிரியன். ஊர் வட்டுக்கோட்டைப் பக்கம்; உத்தியோகம் கண்டியில். எங்கள் பாடசாலையில் தமிழ் மொழிப் பிரிவு சின்னது, ஆசிரியர்களும் கொஞ்சப் பேர். ஒருநாள் அதிபர் கூப்பிட்டு, எழுவர் அணிக்குப் பொறுப்பாசிரியர் இல்லை, நீங்கள் பாருங்கள் என்றார். றக்பி தெரியாதே சேர் என்றேன். தெரிந்தவர் கோச், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அதன் பிறகு வருடா வருடம் போட்டிக் காலம் வந்தால் என் வேலை பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, மருத்துவப் படிவம், பஸ், வாழைப்பழச் சீப்பு, ஐஸ் பெட்டி, ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற். பஸ்ஸுக்குள் கண்டியிலிருந்து கொழும்புவரை சித்தாலேப மணம். பெரிய புராணம் படித்த மூக்கு அதற்கும் பழகிவிட்டது.

ஆட்டத்துக்கு முன் அணி வட்டமாக நிற்கும். ஒரு அணிக்கு 12 பேர். இறங்குவது 7, காத்திருப்பது 5. தோளில் தோள் போட்டு, தலை குனிந்து, ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். அவரவர் கும்பிடுவதை அவரவர் கும்பிடலாம் என்பது கோச் வைத்த ஒழுங்கு. ஒருவன் கையில் தலதா மாளிகையில் கட்டிய பிரித் நூல். வியர்வையில் கறுத்தாலும் கழற்றமாட்டான். ஒருவன் நெற்றியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் திருநீறு, முதல் டக்கிளில் எதிராளியின் ஜெர்சிக்குப் போய்விடும். இன்னொருவன் சிலுவை போட்டுக்கொள்வான். முஸ்லிம் பெடியன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து முகத்தில் தடவுவான். நோன்பு மாதத்தில் ஒரு நட்புப் போட்டி வந்தது. மற்றவர்கள் ஜீவனி குடிக்க, அவன் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு இறங்கினான். பத்தடி தள்ளி எதிரணியும் இப்படித்தான் வட்டமாக நிற்கும். அங்கேயும் நூல், அங்கேயும் திருநீறு, அங்கேயும் சிலுவை.

கேள்வியைக் கேட்டவன் என் பதினோராம் வகுப்பு மாணவன், அணியில் விங். மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. "சேர், அவனுங்களும் சாமி கும்பிடுறானுங்க தானே. அப்ப சாமி யாரு சைட்டு?"

வகுப்பிலே கேட்டிருந்தால் பாடப்புத்தகத்தைத் திறந்து வினைக் கோட்பாட்டைச் சொல்லியிருப்பேன். பஸ்ஸில் கேட்டான். அங்கே புத்தகம் இல்லை, தப்பவும் வழியில்லை.

வினையால் இதை விளக்க முடியுமா என்று பல நாள் யோசித்ததுண்டு. இறைவன் நடுநிலை தவறாதவன், அவரவர் வினைக்கேற்ற பயனை அவரவருக்கு ஊட்டுகிறான் என்பது சித்தாந்தம். நல்லது. ஆனால் அணிக்கென்று ஒரு வினை உண்டா? சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் மூன்றும் தனித்தனி உயிரோடு ஒட்டியவை. ஏழு பேரின் பிராரத்தத்தைக் கூட்டி, எதிர்ப்பக்கத்து ஏழு பேருடையதைக் கழித்து, மீதியைப் புள்ளியாகப் பலகையில் போடும் கணக்கு எந்தச் சாத்திரத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் சொல்லமாட்டேன். கடைசி நிமிடத்தில் பந்தை நழுவவிட்டுத் தரையில் குப்புறக் கிடக்கும் பதினாறு வயதுப் பிள்ளையிடம், இது போன பிறவியில் நீ செய்தது என்று சொல்லத் துணிகிறவனுக்குச் சித்தாந்தம் தெரிந்திருக்கலாம், பிள்ளைகளைத் தெரியாது. அதோடு, பயிற்சியில் பாஸ் சரியாகப் பழக்காத பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஒளிவிடமும் இல்லை.

எங்கள் கோச் பௌத்தர், பழைய ஹூக்கர். அவருக்கு இந்தச் சிக்கலே இல்லை என்பார். வெற்றியைக் கொடுக்கிற கடவுள் ஒருவர் அவருடைய தர்மத்தில் இல்லை; மனத்தை ஒரு நிமிடம் அடக்கவே அந்த வட்டம். தம்மபதத்தில் வெற்றியைப் பற்றியே ஒரு பாட்டு உண்டு, அது வெற்றியைப் புகழவில்லை என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் நாங்கள் 2 புள்ளி பின்னால் நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கதிர்காமக் கந்தனுக்கு ஏதோ நேர்கிற முகம் அது. இந்த நாட்டில் பௌத்தருக்கும் கந்தன் கடன்காரன்தான்.

ஞாயிற்றுக்கிழமைத் தொல்லை ஒன்றும் உண்டு. சனியன்று குழு ஆட்டம், ஞாயிறன்று கிண்ணச் சுற்று என்று அட்டவணை வரும். அன்றுதான் பெடியன்களுக்கு அறநெறிப் பாடசாலை, பௌத்தருடைய தகம் பாசல், பூசை எல்லாம். நியூசிலாந்தின் மைக்கல் ஜோன்ஸ் ஞாயிறு ஆடமாட்டேன் என்று, 1991 உலகக் கிண்ண அரையிறுதியையே விட்டுக்கொடுத்தவர். அவருடைய அணி அன்று அவுஸ்திரேலியாவிடம் தோற்றது. கேட்டதைக் கொடுக்கும் கடவுளாக இருந்தால் அவருக்காவது கொடுத்திருக்கவேண்டும். நான் அறநெறி வகுப்பை வெள்ளி பின்னேரத்துக்கு மாற்றினேன், யாரும் முறையிடவில்லை.

விங் பெடியனுக்கு நான் முதலில் எடுத்துச் சொன்னது சுந்தரரை. கேட்கலாமா கூடாதா என்றால், எங்கள் மரபு கேட்கலாம் என்கிறது. அதற்குச் சாட்சி அவர். பொன் கேட்டார், நெல் கேட்டார், நெல்லைத் தூக்கிவர ஆளும் கேட்டார், ஊடிய மனைவியிடம் தூதும் போகச் சொன்னார். முதுகுன்றத்தில் கிடைத்த பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்தார். எடுத்தபின் மாற்றுக் குறைகிறதே என்று வழக்கும் பிடித்தார். தோழன் என்றால் இப்படித்தான். மணிவாசகரோ எது வேண்டும் என்பதையே அவன் கையில் விட்டுவிட்டவர். இரண்டு பேருக்கும் கோயிலில் ஒரே வரிசையில்தான் சிலை. ஆனால் சுந்தரர் கேட்ட எதிலும் இன்னொருவன் தோற்கவேண்டியிருக்கவில்லை. பொன்னும் நெல்லும் யாருடைய களஞ்சியத்திலிருந்தும் பறித்ததல்ல. வெற்றி அப்படியல்ல. ஒருவனுக்குக் கொடுக்க இன்னொருவனிடம் எடுத்தாகவேண்டும். நான் ஜெயிக்கவேண்டும் என்று கும்பிடுகிறவன், பத்தடி தள்ளி அதே திருநீறோடு நிற்கிறவன் தோற்கவேண்டும் என்றும் சேர்த்தே கும்பிடுகிறான்.

அப்படி ஒரு போட்டி எங்கள் புராணத்திலேயே இருக்கிறது. மதுரையில் சம்பந்தர் சமணரோடு செய்த வாது. அனலில் இட்ட ஏடு வேகவில்லை, வைகையில் இட்ட ஏடு எதிர்நீச்சல் போட்டு ஏடகத்தில் ஒதுங்கியது. இதைப் பரீட்சைக்கு எழுதாத சைவப் பிள்ளை இல்லை. தோற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதைத்தான் நாங்கள் விரைவாகக் கடந்துபோவோம். எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள் என்கிறார் சேக்கிழார். தோற்றால் கழு என்று அவர்களே சொன்ன வாக்கு அது என்றும் சொல்கிறார். வரலாற்றில் இது உண்மையில் நடந்ததா என்ற விவாதம் இருக்கட்டும். நடந்ததோ இல்லையோ, ஆண்டாண்டு காலமாக இதை வெற்றியாகச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறோம். நானும் சொல்லிக் கொடுக்கிறேன், பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் கழுமரம் வரும்போது வகுப்பில் நிறுத்தி, இந்த இடம் எனக்குப் பிடிக்காது என்று சொல்வேன். கடவுள் என் பக்கம் என்று ஒருவன் முழுதாக நம்பிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் நிற்பவனை என்ன செய்தாலும் தகும் என்று ஆகிவிடுகிறது. இந்த நாட்டில் என் வயதுக்காரனுக்கு அதைப் புராணத்தில் தேடவேண்டிய தேவையும் இல்லை.

இதைப் பேசும்போதெல்லாம் எங்கள் கிறிஸ்தவ சமய ஆசிரியர் என்னைத் திரினிட்டிச் சிற்றாலயத்துக்கு இழுத்துப் போவார். பக்கச்சுவர் இல்லாமல், கண்டி மண்டபங்களைப்போல் செதுக்கிய கல்தூண்களோடு கட்டிய கோயில் அது. 1920களின் பிற்பகுதியில் டேவிட் பெயின்டர் அங்கே வரையத் தொடங்கிய சுவரோவியங்களில் ஒன்று, செபதேயுவின் மனைவியைப் பற்றியது. அவள் இயேசுவிடம் வந்து தன் இரண்டு மகன்களுக்கும் அவருடைய ராஜ்யத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்கிறாள். பாடசாலை மைதானங்களின் ஓரத்தில் குடையோடு நிற்கும் எந்தத் தாயையும் எனக்கு அந்தப் படத்தில் தெரியும். கேட்பது என்னவென்று அறியாமல் கேட்கிறீர்கள் என்று இயேசு சொல்கிறார். பிறகு மகன்களைப் பார்த்து, நான் குடிக்கப்போகிற பாத்திரத்தில் உங்களால் குடிக்கமுடியுமா என்கிறார். முடியும் என்கிறார்கள் பிள்ளைகள். அந்த வயதில் எல்லாம் முடியும்.

நண்பர் சொல்வது இது: அந்தத் தாயைக் கேட்டதற்காக அவர் திட்டவில்லை, விலையைத்தான் சொன்னார். ஆகவே கேட்கலாம், விலை கொடுக்கத் தயாராக இருந்தால். நான் இதை ஒப்புவதில்லை. மற்றப் பத்துச் சீடர்களுக்கும் கோபம் வந்தது என்று அதே அதிகாரத்தில் இருக்கிறதே. வலமும் இடமும் இரண்டே இடம் என்பதுதானே அவர்களுக்குச் சுட்டது? விலை கொடுத்தாலும், இன்னொருவனுடைய இடத்தை வாங்கியதாகத்தான் ஆகும். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஓவியம் மட்டும் நல்ல ஓவியம்.

எனக்குப் பிடிபட்ட பதில் பாரதத்திலிருந்து வந்தது. பாசுபதம் வேண்டி அர்ச்சுனன் தவம் இருக்கிறான். ஒரு பன்றி பாய்ந்து வருகிறது. அர்ச்சுனனும் எய்கிறான், அந்தப் பக்கமாக வந்த வேடன் ஒருவனும் எய்கிறான். யாருடைய அம்பு முதலில் பட்டது என்று வாய்ச்சண்டை. (இந்த இடத்தில் பெடியன்கள், "டீ.எம்.ஓ.வக் கூப்பிடணும் சேர்" என்றார்கள்; வீடியோவைத் திரும்பப் பார்த்துச் சொல்லும் நடுவரை.) வாய்ச்சண்டை வில்சண்டையாகி, வில்லும் போய் மற்போராகிறது. அர்ச்சுனனுக்கு முடியவில்லை. மண்ணில் சிவலிங்கம் பிடித்து, மாலை சாத்திக் கும்பிட்டுவிட்டு நிமிர்கிறான். சாத்திய மாலை வேடன் தலையில் கிடக்கிறது.

எந்தச் சாமியிடம் வெல்ல வரம் கேட்டானோ, அதே சாமி எதிராளியாக வந்து அவனைத் தூக்கிப் போட்டிருக்கிறது. சாமி யார் பக்கம் என்ற கேள்விக்கு இதற்குமேல் நேரான பதில் எனக்குத் தெரியாது. என் பக்கம் என்று நான் நினைத்துக் கும்பிடும்போதே, பூ அங்கே போய் விழுகிறது. அந்தக் கதையும் முற்றிலும் சுத்தமில்லைதான். தோற்றபின் கிடைத்த பாசுபதம் போர் வெல்லக் கேட்ட ஆயுதம். இருந்தாலும் கொடுத்தது தோற்றவனுக்கு.

விங் பெடியன் விடவில்லை. "அப்ப சாமிய டக்கிள் பண்ணலாமா சேர்?"

"அர்ச்சுனன் பண்ணினானே."

"ஹை டக்கிள் பண்ணக்கூடாது" என்றான் பின்சீட்டிலிருந்து ஒருவன்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. ஆனால் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருந்தது. டக்கிள் என்றால் இடிப்பது அல்ல. கையால் சேர்த்து அணைக்காமல் தோளால் மட்டும் மோதினால் தண்டனை. தோளுக்குமேல் பிடித்தால் தண்டனை, மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. 14 நிமிட ஆட்டத்தில் 2 நிமிடம் ஒரு யுகம். எதிராளியை வீழ்த்து, ஆனால் அவன் எழுந்து நிற்கக்கூடியவனாக வீழ்த்து என்பதுதான் சட்டத்தின் போக்கு. தலையில் அடிபட்டவனை உடனே வெளியே எடுக்கவேண்டும் என்பதில் நான் கோச்சோடு சண்டை பிடிக்கவும் தயங்குவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு றக்பி தெரியாது என்பது நல்லதுக்கு.

எழுவர் ஆட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. பதினைந்து பேர் ஆட்டத்தில் புள்ளி எடுத்த அணிக்கு, எதிரணி நடுவிலிருந்து பந்தை உதைத்துத் தரும். எழுவரில் நேர்மாறு: ட்ரை வைத்தவனேதான் திரும்பவும் உதைத்து, எதிரணிப் பக்கம் பந்தை அனுப்பவேண்டும். காரணம் ஆட்டத்தின் ஓட்டமாக இருக்கலாம். ஆனால் வெற்றி பெற்ற மறுநொடியே, வென்றவன் கையிலிருந்து பந்தை எதிராளி பக்கம் போகவைக்கும் விதி எனக்கு எந்த நீதி நூலையும்விடப் பிடித்திருக்கிறது. தானம் என்று அதை மிகைப்படுத்தவும் வேண்டாம். உதைத்த பந்துக்குப் பின்னாலேயே ஓடி, உயரமான பெடியன்கள் துள்ளிப் பறிக்கப் பார்ப்பார்கள். அதுவும் விதிக்குள்தான்.

கும்பிட்டு வென்றவர்கள் என்று பீஜிக்காரரைக் காட்டுவார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரித்தானியாவை 43-7 என்று வென்று, வட்டமாகக் கூடிக் கீதம் பாடினார்கள். பதக்கம் வாங்கும்போது ஒவ்வொருவரும் முழந்தாளிட்டார்கள். அந்தப் பாட்டு ஆட்டம் முடிந்தபின் பாடியது. அது நன்றி, விண்ணப்பமல்ல. நன்றி சொல்வதால் எதிரணிக்கு எதுவும் குறையாது. ஆகவே பெடியன்களிடம் நான் இப்போது சொல்வது: ஆட்டத்துக்குமுன் வட்டத்தில் நிற்கும்போது எல்லா 14 பேரும் எழுந்து நடந்து வெளியே வரவேண்டும் என்று கேளுங்கள், எதிரணி நல்லா ஆடவேண்டும் என்றும் கேளுங்கள், நொண்டிக்கொண்டு வருபவனை வென்று என்ன காணப்போகிறீர்கள்? மிச்சத்தை ஆட்டம் முடிந்தபின் பேசலாம். முஸ்லிம் பெடியனுக்கு இது உடனே பிடித்துக்கொண்டது. அவன் உம்மா அப்படித்தான் துஆ கேட்கச் சொல்லியிருக்கிறாளாம். கோச் தலையை ஆட்டினார், சம்மதம் என்றோ சகிப்பு என்றோ எடுத்துக்கொள்ளலாம்.

விங் பெடியன் நான் சொன்னபடியே கும்பிட்டான். அந்த முறை கிண்ணக் காலிறுதியில் தோற்றோம். எழுவர் போட்டியில் தோற்றவனை உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. கிண்ணத்தில் விழுந்தவனுக்கு பிளேட், குழுவில் விழுந்தவனுக்கு பவுல் என்று கீழே கீழே வாசல் வைத்திருக்கிறார்கள். மதுரை வாதுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருக்கலாம். பிளேட் அரையிறுதிக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலில் டேப் சுற்றினான்.

"நீங்க சொன்ன மாதிரி கேட்டேன் சேர். அவனுங்க நல்லா ஆடினானுங்க. இப்ப நான் ஜெயிக்கணும்னு கேக்கப் போறேன்."

"கேள்" என்றேன். சுந்தரரைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே.

19-12. தோற்றோம். இரண்டு ட்ரையும் அவன்தான் வைத்தான். கடுகண்ணாவை ஏற்றம்வரை அவன் என்னோடு பேசவில்லை; சாமியோடு பேசினானா என்று நான் விசாரிக்கவும் இல்லை.